அதிகம் என்றால் கூட்டல்

கத்திரி வாக்கியக் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததே ஓரகத்தியின் மூக்கை உடைப்பதற்காகத்தான். இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கேட்டால், "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்பாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் பதினான்கு வருடமாகத் துணி வெட்டுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இருபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி வெட்டினாலும் ஓரம் பிசிறாது. வாயும் அதே பதம். இரண்டுக்கும் சேர்த்துப் பட்டறையில் வைத்த பட்டப்பெயர் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் கீழ்த்தளம் அவர்களுக்கு. மேலே, கணவனின் அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி, அதாவது கத்திரியின் ஓரகத்தி, மாலை ஐந்து முதல் ஏழு வரை டியூஷன் எடுப்பாள். ஊரில் அவளுக்கு டியூஷன் அக்கா என்று பெயர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. வேலை முடிந்து வருகிற கத்திரி அந்தச் செருப்புகளைக் காலால் ஒதுக்கித்தான் தன் வாசலுக்குள் நுழைய வேண்டும்.

நாலாம் வகுப்புப் படிக்கும் அவளுடைய ஒன்பது வயது மகளும் அந்த முப்பத்தெட்டில் ஒருத்தி. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எண்களுக்கு நடுவே நாலு வார்த்தை வந்துவிட்டால் திருதிருவென்று முழிப்பாள். அரையாண்டுத் தேர்வில் வாக்கியக் கணக்கு அத்தனையிலும் சுழி.

நாத்தனார் குழந்தை பெற்று வந்திருந்த சமயம் அது. பார்க்க வந்த உறவுக்காரர்களால் மேல்மாடிக் கூடம் நிறைந்திருந்தது. யாரோ மார்க் பேச்சை எடுத்தார்கள். டியூஷன் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளையைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? துணி வெட்டுற வயித்துல பொறந்ததுக்குக் கணக்கு எங்கேருந்து வரும்? நான் பாடம்தான் நடத்தலாம், மூளையை வாங்கியா வைக்க முடியும்?"

கூடமே சிரித்தது. டீ டம்ளர் தட்டை ஏந்திக்கொண்டு நடுவில் நின்றிருந்தது மகள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் கத்திரிக்கு மட்டும் கேட்டது. மறுநாளே நோட்டைக் கையில் கொடுத்துப் பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டாள் ஓரகத்தி. மற்ற பிள்ளைகளின் வேகம் குறைகிறதாம்.

"அண்ணி வாய்தான் அப்படி, மனசு தங்கம். விடு," என்றான் கணவன்.

"தங்கமா? உரசிப் பார்த்தீங்களா?" என்றாள் கத்திரி. அன்றே முடிவு செய்துவிட்டாள். ஓரகத்தியை அவள் தொழிலிலேயே தலைகுனிய வைக்க வேண்டும்.

மகளின் கணக்குப் புத்தகங்களைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் வெட்டுமேசையின் ஓரத்தில் விரித்து வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள். "என்ன கத்திரி, கலெக்டர் ஆகப் போறியா?" அவள் தலையே நிமிரவில்லை. இரண்டு வாரத்தில் நாலாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. கணக்கு ஒன்றும் பூதமில்லை என்று தெரிந்தது. பிறகு ஏன் பிள்ளைக்கு வரவில்லை?

ஒரு சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் எப்படிப் போடுகிறாள் என்று சும்மா பார்த்தாள். பிள்ளை கேள்வியைப் படிக்கவே இல்லை. எண்களைச் சுற்றி மடமடவென்று வட்டம் போட்டது. பிறகு ஏதோ ஒரு வார்த்தையைத் தேடியது.

"என்னடி தேடுற?"

"மொத்தம்னு இருந்தா கூட்டணும். மீதின்னா கழிக்கணும். அதிகம்னா கூட்டல், குறைவுன்னா கழித்தல். பெரியம்மா சுவத்துல ஒட்டியிருக்காங்க."

"கதையை யாரு படிக்கிறது?"

"கதையைப் படிச்சா டைம் வேஸ்ட்டுன்னு சொன்னாங்க."

கத்திரிக்கு உள்ளே விளக்கு எரிந்தது. பட்டறையில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற அதே தப்பு. ஆர்டர் சீட்டில் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் துணியில் கை வைத்துவிடுவார்கள். சீட்டின் கடைசி வரியில் 'போன வருட அளவை விட ரெண்டு இஞ்ச் அதிகம்' என்று இருக்கும். வெட்டின துணி ஒட்டுமா?

புத்தகத்தை மூடினாள். "எண்ணை மறந்துடு. என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."

"ஒரு அண்ணன்கிட்ட பென்சில் இருக்கு. தம்பியை விட அதிகமா."

"யாருகிட்ட நிறைய?"

"அண்ணன்கிட்ட."

துணியில் குறி போடும் வெட்டுச் சுண்ணாம்பை எடுத்துத் தரையில் நீளமாக ஒரு பட்டை வரைந்தாள். "இது அண்ணன். தம்பியை நீ வரை." மகள் அதற்குக் கீழே குட்டையாக ஒன்று வரைந்தாள். "இப்ப புத்தகத்தைத் திற. எந்தப் பட்டைக்கு எண் தெரியும்?" அண்ணன் பட்டையில் பன்னிரண்டு, நீண்டிருந்த துண்டில் நாலு என்று எழுதிய பிள்ளை, தம்பி பட்டையை வெறித்துப் பார்த்தது. பிறகு மெதுவாக, "அம்மா, இது கழித்தல்! அதிகம்னு போட்டிருக்கு, ஆனா கழித்தல்!" என்றது. ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி குரல்.

"சத்தமா சொல்லு," என்றாள் கத்திரி, மேல்மாடியைப் பார்த்துக்கொண்டே.

மகள் தேறியதும் அடுத்த தெரு இரட்டையர்கள் வந்தார்கள். மூன்றாம் வகுப்பு. மேலே இருந்து கழற்றி விடப்பட்டவர்கள். அப்படியே ஆறு பேர் சேர்ந்தார்கள். காசு வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? கீழ்வாசலில் ஆறு ஜோடிச் செருப்பு கிடப்பதைப் பார்க்கிற சந்தோஷமே அவளுக்குப் போதும். ஆனால் படிக்கட்டு நிறைந்த செருப்புக்கு முன்னால் ஆறு எம்மாத்திரம்? நாலு பேர் பார்க்க நடந்த அவமானத்துக்கு நானூறு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுத்தால்தான் நெஞ்சு ஆறும்.

வாய்ப்பு தானாக வந்தது. பள்ளியில் கணக்குப் போட்டி வைத்தார் தலைமையாசிரியை. கேள்விகளைப் பெற்றோர்தான் தர வேண்டும், அவரவர் வேலையிலிருந்து. தன் பிள்ளை படிக்கிற வகுப்புக்கு மட்டும் தரக்கூடாது. கத்திரி மூன்றாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தாள். அந்த வகுப்பில் முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் மேல்மாடிப் பிள்ளைகள்.

மூன்று வாரம் உட்கார்ந்து இழைத்தாள். ஒவ்வொரு கேள்வியிலும் சுவரில் ஒட்டிய ஒரு வார்த்தை இருக்கும். அந்த வார்த்தையை நம்பினால் பள்ளத்தில் விழ வேண்டும். கதையைப் படித்தால் தாண்டிவிடலாம். தன்னிடம் வந்த இரட்டையர்களுக்கு ஒரு கேள்வியைக்கூடக் காட்டவில்லை. கள்ளாட்டம் ஆடி ஜெயித்தால் ஓரகத்திக்கு அதுவே சாக்காகிவிடும்.

போட்டியன்று பள்ளி அரங்கில் உட்கார இடமில்லை. முன்வரிசை நடுவில் டியூஷன் அக்கா, கழுத்தை நிமிர்த்தி. கத்திரி கடைசி வரிசைச் சுவரோரம். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை.

ஆசிரியை முதல் கேள்வியை வாசித்தார். "ஒரு சட்டைக்கு எட்டுப் பொத்தான். அது பாவாடையை விட ஐந்து அதிகம். பாவாடைக்கு எத்தனை பொத்தான்?"

இருபத்திரண்டு பலகைகள் படாரென்று எழுந்தன. எல்லாவற்றிலும் பதின்மூன்று. மற்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் இரட்டையர்களின் பலகையில் மட்டும் மூன்று. ஆசிரியை விடையைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

இரண்டாவது. "பதினாறு சட்டைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். மீதி ஒன்பது மேசையில் இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தன?" மீதியைப் பார்த்தவர்கள் கழித்தார்கள். ஏழு, ஏழு, ஏழு. மூன்றாவதில் மொத்தம் இருபது ஜிப், நாலு தையல்காரிகள், உடைந்த ஜிப் ஆறு. நல்ல ஜிப் எத்தனை என்று கேட்டதற்கு முப்பது என்று எழுதியவர்கள் பாதிப்பேர். தையல்காரிகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தார்கள்.

ஒரு அப்பா முன்வரிசை டியூஷன் அக்காவைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்: "என்ன டீச்சர், ரெண்டு வருசமா இதைத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?" அரங்கே சிரித்தது. டியூஷன் அக்காவின் நிமிர்ந்த கழுத்து மெல்லத் தாழ்ந்தது. காது மடல் சிவந்தது. "இந்தக் கேள்விகளைத் தந்தவர் எழுந்து நிற்கலாம்," என்றார் தலைமையாசிரியை. கத்திரி எழுந்தாள். ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக இன்னும் ஐந்து மாதம் உழைக்கச் சொன்னாலும் கத்திரி உழைத்திருப்பாள். வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சின்னப்பெண் கண்ணில் பட்டாள். இரண்டாவது வரிசை. மற்றவர்கள் பலகையை இறக்கிவிட்டார்கள். இவள் மட்டும் முப்பதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "நான் சரியாத்தானே மிஸ் போட்டேன்? சொன்ன மாதிரிதானே போட்டேன்?" கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பும்போது மகள் சொன்னாள், "அம்மா, அந்தப் பாப்பா அழுதா."

"அழட்டும்," என்றாள் கத்திரி. சொன்னாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றாவது கேள்வியை எடுத்து மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள்.

ஒரே வாரத்தில் பதினான்கு பிள்ளைகள் படியிறங்கிக் கீழே வந்தார்கள். கணவனின் அண்ணன் வந்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?" என்றார். "கேள்விதானே கேட்டேன் மாமா, கொலையா பண்ணேன்?" என்று அனுப்பி வைத்தாள்.

பதினான்கு பேரில் அந்தச் சின்னப்பெண்ணும் இருந்தாள். பாயில் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"நீங்கதானே ஏமாத்துற கேள்வி கேட்ட ஆன்ட்டி?"

"ஆமா."

"என்னை ஏன் ஏமாத்துனீங்க?"

"உன்னை இல்ல பாப்பா. வேற ஒருத்தரை."

"அப்போ நான் ஏன் அழுதேன்?"

கத்திரி எழுந்து போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "அது என் தப்பு," என்றாள். மற்ற பிள்ளைகள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அன்று முழுக்க அந்த ஒருத்திக்குத்தான் பாடம்.

ஒரு சனிக்கிழமை மதியம் டியூஷன் அக்காவே இறங்கி வந்தாள். பிள்ளைகள் இருந்தார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மீதிக் கணக்கு... நீ எப்படிச் சொல்லிக் குடுக்குற?" என்றாள்.

"உக்காருங்க அக்கா," என்று பாயைக் காட்டினாள் கத்திரி. நாற்காலி இருந்தது, காட்டவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக ஓரகத்தி தரையில் உட்கார்ந்தாள். கத்திரி அவளுக்கும் ஒரு சுண்ணாம்புத் துண்டு கொடுத்துப் பட்டை வரைய வைத்தாள். நீளத்தைத் தப்பாகப் போட்டபோது, "அழிச்சுட்டுப் போடுங்க, அவசரமில்ல," என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு இனித்தது.

பிள்ளைகள் போனபிறகு கேட்டாள். "என் பொண்ணைக் கூப்பிடுறேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"என்னிக்கு? என்ன சொன்னேன்?"

கத்திரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாள். நடிப்பு இல்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. எந்தக் கிழமை, யார் யார் இருந்தார்கள், தட்டில் எத்தனை டம்ளர் என்பதுவரை கத்திரி சுமந்துகொண்டிருக்கிறாள். சொன்னவள் அப்போதே துப்பிவிட்டுப் போய்விட்டாள். இதற்கு என்ன பழி வாங்கி என்ன தீரும்?

வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக் காட்டினாள். ஓரகத்தி தான் வரைந்த பட்டையைக் கையால் அழித்தாள். "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்," என்று முனகினாள். பிறகு மகள் இருந்த அறைக்குள் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கத்திரிக்குத் தெரியாது. மகளைக் கேட்டபோது, "பெரியம்மா ஸாரி சொன்னாங்க. பரவாயில்லன்னேன்," என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்த மகள் மேலும் கத்திரிக்குக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் மேல்மாடிச் சுவரிலிருந்து அந்தத் தாள் போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். இப்போது இருவரும் பாடம் எடுக்கிறார்கள். வாக்கியக் கணக்கு வராத பிள்ளை யாராவது வந்தால், டியூஷன் அக்கா மேலே இருந்து குரல் கொடுத்துக் கீழே அனுப்புகிறாள். கத்திரி சேர்த்துக்கொள்கிறாள். தேறிய பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதில்லை.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, அண்ணிகிட்ட முகம் குடுத்துப் பேசினா என்ன?" என்று கணவன் இப்போதும் கேட்பதுண்டு.

"கணக்குதான் சரியாச்சு," என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்காகப் பாயை உதறிப் போடுவாள்.