எள் வயலில் நாற்று முடி

1. கைப்பிடிப் பயிர்

நன்னிலம் பக்கம் உதவி வேளாண் அலுவலராக இருந்தபோது ராஜாத்தியின் வயலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சம்பா அறுத்த நிலத்தில் மாசிப்பட்டத்து எள். ஒரு செடி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி நின்றது. நாற்றங்கால் விட்டுப் பழகிய கை, எள்ளையும் அப்படியே தெளித்துவிட்டது.

அவருடைய கணவர் மஸ்கட்டில் டிரைவர். ராஜாத்தி தனியாகக் குத்தகை பிடித்த முதல் சாகுபடி இது. கோடையில் விளைவித்துக் காட்டினால்தான் குறுவைக்கும் நிலம் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார்.

"கலைச்சு விடணும்மா. அடிக்கு ஒரு செடி போதும், மிச்சத்தைப் பிடுங்கிடுங்க. நெருக்கமா நின்னா குச்சியா வளரும், காய் பிடிக்காது."

"பச்சைப் பயிரையா? என்ன சார் இப்படிச் சொல்றீங்க! நண்டு ஓட நெல்லு, நரி ஓட கரும்பு, வண்டி ஓட வாழைம்பாங்க. எள்ளுக்கு நடுவுல எது ஓட இடம் விடணும்னு ஒருத்தரும் சொல்லலையே?"

அரை மனதாகச் சம்மதித்தார். வரப்போரம் ஒரு பட்டைப் பயிரை மட்டும் தொட மாட்டேன் என்றார்.

2. மறுவாரம்

மறுபடி போய்ப் பார்த்தேன். அந்தப் பட்டை தவிர எள் வயல் கச்சிதமாகக் கலைக்கப்பட்டிருந்தது. அதே குத்தகையில் பக்கத்து வயலில் மோட்டார் தண்ணீர் பாய்கிறது. சேறு கலக்கி, நான்கு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரப்பில் வரிசையாக, கட்டுக் கட்டாக நாற்று முடிகள். அத்தனையும் எள்!

"ஐயோ, என்னம்மா இது!"

"நீங்கதானே சார் பிடுங்கச் சொன்னீங்க? பிடுங்குனா நடத்தானே? நாத்தை யாராச்சும் கொட்டுவாங்களா?"

நட்டது தொலையட்டும், வரப்பிலிருந்த எலி வளை வழியாக அந்தத் தண்ணீர் நல்ல எள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. வேரில் தண்ணீர் தேங்கினால் எள் வாடிச் சாய்ந்துவிடும்.

"மோட்டாரை நிறுத்துங்க! மண்வெட்டி கொண்டாங்க!"

பெண்கள் ஓடிவந்து வளையை அடைத்தார்கள். ராஜாத்தி கீழ் வரப்பை வெட்டித் தண்ணீரை வாய்க்காலுக்கு வடித்தார். "போச்சா சார்? நெலம் போச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வெட்டினார்.

3. அறுப்பு

நட்ட எள் தேறவில்லை. கலைத்த வயலில் தாழ்ந்த மூலை அழுகிப் போயிற்று. மற்றது பிழைத்தது. கலைத்த செடிகளில் கிளைக்குக் கிளை, அடியிலிருந்தே காய். தொடாத பட்டையில் குச்சி குச்சியாக வளர்ந்து, உச்சியில் நாலைந்து காய். இரண்டிலும் ஒவ்வொன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராஜாத்தி அசந்து நின்றார்.

"ரெண்டும் ஒரே விதையா சார்?"

நிலத்துக்காரரும் அதையேதான் கேட்டார். குறுவைக்கும் நிலத்தை விட்டுக்கொடுத்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். டெல்டாவில் பயிரைக் கலைக்கச் சொன்னால் உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள். பிடுங்கியது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த மாசியில் ராஜாத்தி போன் செய்தார்.

"சார், கலைச்சு முடிச்சாச்சு. எள்ளுக்கு எது ஓடணும்னும் தெரிஞ்சுபோச்சு. கோழி! குஞ்சோட உள்ள போயிட்டு வருது."

"சந்தோஷம்மா. பிடுங்குனதெல்லாம் எங்க?" என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"எருக்குழியில சார்!"