வாசலில் டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொண்டவர்

லைன்மேன் சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார். இன்று விடிகாலையில்... தூக்கத்திலேயே.

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு இருபது வருஷத்துக்கு மேல் கரண்ட் கொடுத்தவர். ஆபீஸ் கொடுத்தது என்பார்கள். தெருவில் யாரும் ஆபீஸைப் பார்த்ததில்லை, அவரைத்தான் பார்த்தோம்.

ஃபியூஸ் போட்டுவிட்டுக் கம்பத்தடியில் நின்று கத்துவார். "வந்துருச்சாங்க?"

ஒவ்வொரு வீடாகப் பதில் சொல்ல வேண்டும். கடைசி வீட்டிலிருந்து "வந்துருச்சுண்ணே, போயிட்டு வாங்க" என்று கேட்ட பிறகுதான் சைக்கிளை எடுப்பார்.

2002 வாக்கில் தெருவில் வோல்டேஜ் என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் ட்யூப்லைட் எரியாது, கண் சிமிட்டும். மிக்ஸியில் சட்னி அரைக்க மதியமே தொடங்க வேண்டும்.

தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு எழுதினோம். எழுதியவன் நான். தெருவில் தமிழ் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எல்லா வீட்டிலும் கையெழுத்து.

டிரான்ஸ்பார்மர் சாங்ஷன் ஆனது. உடனே தெரு இரண்டாவது மனு கொடுத்தது... அதை யார் வீட்டு வாசலிலும் வைக்கக் கூடாது என்று. அதிலும் எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருந்தது. அதையும் நான்தான் எழுதினேன். தமிழ் இன்னும் நன்றாக வந்திருந்தது.

அண்ணன் இரண்டு மனுவையும் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"வோல்டேஜ் வேணும், டிரான்ஸ்பார்மர் வேணாம். அப்ப எங்கதான் வக்கிறது தம்பி, ஆகாசத்துலயா? இந்த வாரம் எடம் காட்டலன்னா வேற ஊருக்குப் போயிரும்."

"பக்கத்து வூட்டுக்காரங்க தங்கமானவங்க. அவங்களக் கேளுங்கண்ணே." எல்லா வீட்டிலும் இதே பதில். அந்த ஒரு வாரம் தெருவே பக்கத்து வீட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம். அதை வெட்ட வேண்டிவரும் என்பதால் சுற்றுச்சூழல் பற்றி அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். மூன்று வருஷம் கழித்து கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நாங்களே அதை வெட்டினோம். அதற்கும் ஆள் அனுப்பிக் கம்பியை ஒதுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

டிரான்ஸ்பார்மர் கடைசியில் அவர் வாசலில் வந்து நின்றது. தெருக்கோடியில் அப்போதுதான் சின்னதாக வீடு கட்டியிருந்தார். முல்லைப் பந்தல் போட அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்கா குழி தோண்டி வைத்திருந்த இடம்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கறாரு. எனக்கு ரீங்காரம் குடுத்துருக்காரு" என்றார் அக்கா. ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. எங்களோடும்தான்.

போன வருஷம் மொட்டை மாடியில் சோலார் போட்டேன். மரம் இல்லாததால் நல்ல வெயில்.

தெருவில் பாதி வீட்டில் சோலார் வந்துவிட்டது. இப்போது என்னவென்றால், உச்சி வெயிலில் சோலார் நின்றுவிடுகிறது. லைனில் வோல்டேஜ் அதிகமாம்! போன மாதம் அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"அன்னிக்கு வோல்டேஜ் இல்லன்னு எழுதுனீங்க. இன்னிக்கு ஜாஸ்தின்னு எழுதப் போறீங்களா?"

பிறகு சொன்னார். "மத்தியானம் எல்லா மாடியிலேருந்தும் லைனுக்குக் கரண்ட் வருது தம்பி. எடுத்துக்கத்தான் ஆளு இல்ல, எல்லாரும் வேலைக்குப் போயிடுறீங்க. கம்பியும் பழசு, டிரான்ஸ்பார்மரும் சின்னது. பெருசா ஒண்ணு கேளுங்க, எழுதுங்க. இந்தத் தடவ எடத்தையும் நீங்களே எழுதிருங்க."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மனு அன்றே எழுதினேன்... இடம் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு.

ஒருநாள் மதியம் வந்து மீட்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். "வெயில் இருக்கறப்ப வரேன், அப்பத்தான் தெரியும்." பன்னிரண்டு மணி ஆனால் கேட் பக்கம் பார்ப்பது இந்த ஒரு மாதமாகப் பழக்கமாகிவிட்டது. இன்றும் பார்த்தேன்.

காலையில் மனுவில் அந்த வரியை நிரப்பினேன். எங்கள் வாசல். இருபது வருஷம் தாமதம். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமா அது...

நாளைக் காலை திருப்பலி. பிறகு சொந்த ஊரான ஏலாக்குறிச்சியில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

இப்போது மணி ஒன்று. அவர் வீட்டில் ஃப்ரீசர் பாக்ஸ் ஓடுகிறது. பந்தலில் ஏழெட்டு ஃபேன். தெரு முழுக்க லீவு போட்டுவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு சோலார் இன்று ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வந்துருச்சுண்ணே. போயிட்டு வாங்க.