துப்பறிகிறவளின் அப்பா

சொன்னால் சிரிப்பீர்கள். அப்பாவைக் கடலில் தொலைத்த ஒருத்தியைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, வயிறு பற்றி எரிந்தது.

நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். ஆளுக்கொரு துப்பறியும் நாவல் எழுதி ஒரே பதிப்பகத்துக்கு அனுப்பினோம். அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். என்னுடையது திரும்பி வந்தது. துப்பறிவாளருக்கு முன்கதையே இல்லையாம், சரிசெய்து அனுப்பினால் பார்க்கலாமாம். இல்லாமல் என்ன? அவன் மனைவியை விபத்தில் சாகடித்திருந்தேன், அவனைக் குடிக்க விட்டிருந்தேன், நெற்றியில் தழும்புகூடப் போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவளிடம் காட்டினேன்.

"ஏதோ சினிமாவுல இருந்து எறங்கி வந்தவன் மாதிரி இருக்கான் மக்கா," என்றாள். "இவனுக்க வீட்டுல என்ன கறி வைப்பாவ? அது தெரியுமா ஒனக்கு?"

பெரிய இவள்! "நீ என்ன எழுதிக் கிழிச்சிருக்க, வாசி பாப்போம்," என்றேன்.

வாசித்தாள். அவளுடைய துப்பறிவாளர் கடியப்பட்டணத்துப் பெண் இன்ஸ்பெக்டர். சின்ன வயதில் அப்பா கடலுக்குப் போனார், வள்ளம் மட்டும் திரும்பியது. இறந்தவர்களுக்கான பூசை வைக்க அம்மா விடவில்லை. மீன் குழம்பு வைக்கிற அன்றெல்லாம் தலையைத் தனித் தட்டில் எடுத்து அவருக்கென்று மூடிவைப்பாள். அந்தத் தட்டைப் பார்த்து வளர்ந்த மகள், கொலை நடந்த எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுக்களைக்குள் நுழைவாள், யாருக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறது என்று பார்க்க.

அது கதையை எழுதியவளின் சொந்த அம்மா வைக்கிற தட்டு. அந்த வீட்டில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், தட்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு கதையும் தெரியவில்லையே! என் அப்பாவோ பூதப்பாண்டியில் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். டிவி, சுக்குக்காப்பி, நான் வர நேரமானால் போன் மேல் போன். இவரை வைத்து யாருக்கு என்ன முன்கதை கொடுப்பது?

"ஒனக்கென்ன, கதைய தந்துட்டுல்லா போயிருக்காரு அப்பா," என்றேன். வாய் தவறி வரவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். அப்போது வாசலில் ஸ்கூட்டர் ஹார்ன். என் அப்பாதான். மழை வரும்போல் இருந்ததாம், என் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு கூப்பிட வந்துவிட்டாராம்.

"பாத்தியா, ஒனக்கு ஆளு வந்தாச்சு," என்றாள். "எனக்கு இப்பிடி ஒரு ஹார்ன் கேட்டிருந்தா நான் அந்தக் கதைய எழுதியிருக்கவே மாட்டேன். வேணும்னா நீயே வச்சுக்கோ."

வண்டியில் ஏறினேன். ஏறும்போதும், பாவி மனசு, நிஜமாகவே தருவாளா என்றுதான் யோசித்தது. கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

"அந்தப் பிள்ளைய கூப்பிட ஆரு வருவா மக்ளே?" என்றார் அப்பா.

"ஆரும் வரமாட்டாவ."

வண்டியைத் திருப்பினார். பஸ்ஸுக்கு நின்றவளிடம் என் ரெயின்கோட்டைக் கொடுத்து, "நனையாம போ மக்ளே," என்றார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எனக்க அப்பா என்று கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு.