நூல் கட்டிய காந்தம்

மருதமுனைப் பளீலை எனக்குப் பிடிக்கும். அவனுடைய பிடிவாதத்தைத்தான் பொறுக்க முடியாது. பெண் வீட்டுக்கு வாழ வந்த மருமகன், மாமனார் ஸைனுலாப்தீன் கொடுத்த தறியில் ஒழுங்காக இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்துகொண்டிருக்க வேண்டியதுதானே? அவனுக்கோ காந்தப் பைத்தியம். 1953இல் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் முகைதீன்பாவாவிடம் போய், "உங்கட எஞ்சினாலேயே லைட்டு எரிய வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தான். எரிந்தால் ஆலையில் எஞ்சின் வேலை. வியாழக்கிழமைக்குள் எரியாவிட்டால் தறிதான். அதற்குப் பிறகு எஞ்சின் பேச்சே எடுக்கக் கூடாது என்று மாமனார் வாக்கு வாங்கிக்கொண்டார்.

உடைந்த ரேடியோக்களில் கழற்றிய நான்கு காந்தத் துண்டுகளை ஓர் உருளையில் ஒட்டி, செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே சுழல விட்டான். காந்தம் சின்னது, ஆகவே வேகம்தான் கைகொடுக்க வேண்டும். பெரிய சக்கரத்திலிருந்து சின்னச் சக்கரத்துக்குப் பட்டி போட்டு, நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று ஓட்டினான். முதல் ஓட்டத்திலேயே ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து நெல் மூட்டைக்குள் புதைந்தது. நல்ல வேளை, யார்மேலும் படவில்லை. பிறகு இரும்பு வளையம் மாட்டினான். துண்டுகள் அசையவில்லை. ஆனால் காந்தத்தின் பலத்தை இரும்பே குடித்துவிட்டது. பல்பு மினுங்கியதோடு சரி.

"இரும்பு சரிவராட்டி நூலால கட்டுங்களன் மச்சான்," என்றாள் மனைவி சுல்பிகா, ராட்டையை நிறுத்தாமலே.

பளீல் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஓர் இழையில் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தான். அரை றாத்தல் தாங்கியது. வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. நாலாயிரம் சுற்றில் ஒவ்வொரு துண்டும் எழுபது றாத்தல் பலத்தோடு வெளியே பாயப் பார்க்கும். இருநூறு சுற்று நூல் போதும், பயத்துக்கு முந்நூறு.

சுல்பிகா சுற்றிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தால், நூல் தொளதொளவென்று அவிழ்ந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான் பளீல். அவள்தான் அதைக் கையிலெடுத்துப் பார்த்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் இழுத்தவுடன் அவிழ வேண்டும். பத்து வருடமாக அப்படிச் சுற்றிப் பழகிய கை.

"என்ட கைதான் பிழை. அவிழுறதுக்கெண்டே சுத்தியிருக்கன்."

இந்த முறை கல்லின் பாரம் இழையை இழுத்துப் பிடிக்க, ஒவ்வொரு சுற்றையும் இறுக்கிச் சுற்றினாள். வார்னிஷ் பூசி, புதன்கிழமை முழுவதும் வெயிலில் காயவைத்தாள்.

வியாழக்கிழமை மாமனாரும் ஆலைக்கு வந்துவிட்டார், மருமகனைக் கையோடு கூட்டிப்போக. எஞ்சின் பிடித்தது. உருளை கீச்சிட்டுச் சுழன்றது. பல்பு பளிச்சென்று எரிந்தது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை எரிந்தது. நிறுத்திப் பார்த்தார்கள். ஓர் இழைகூட அசைந்திருக்கவில்லை.

"சனிக்கிழமையே வேலைக்கு வாங்க தம்பி," என்றார் முகைதீன்பாவா. பளீலுக்கு அழுகை வந்துவிட்டது.

ஸைனுலாப்தீன் அந்த உருளையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஆர் சுத்தின?"

"உங்கட மகள்தான் மாமா."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"உங்கட தறிக்கு இனி வேற ஆளைப் பாக்கிறன், மருமகன்."