ஓட்டை இலைச் செடிக்கு உடம்பு சரியில்லை

பெங்களூர் ரயில் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நின்றதும் முதலில் இறங்கியது இலைகள்தான். அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து, மாமா இறங்கினார். மாமா என்றால் என் அத்தையின் கணவர். ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதிலிருந்து கிளம்பிய ஒவ்வோர் இலையும் அவர் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு தொட்டிக்கும் கை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. வீடு வரைக்கும் அவரே சுமந்து வந்தார். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. நடுநடுவே நின்று காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது தணிந்த பிறகு மறுபடி நடந்தார். அந்த இலைகளின் நிழல் என் மேல் விழும்படியாக நான் பின்னாலேயே நடந்து வந்தேன்.

அத்தை அதற்குச் சில வாரங்கள் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வயிறு சரியில்லை, ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. முந்தைய தடவை அத்தையைப் பார்த்தபோது அவள் வயிறு பெரிதாக இருந்தது. இப்போது இல்லை. மருந்து வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அத்தைக்குப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்து, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோயிருந்தது; இது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. வீட்டில் யாரும் என் காதுபட இதைப் பேசவில்லை. என் காதுபட மட்டுமல்ல, அத்தையின் காதுபடவும் பேசவில்லை.

எங்கள் வீடு, தங்கச் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. முன்னறை, சமையலறை, உள்ளே ஓர் அறை, பின்னால் கொஞ்சம் முற்றம். உள்ளறையை அத்தைக்குக் கொடுத்திருந்தோம். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். மாமா செடியை அந்த அறையின் ஜன்னலோரம் வைத்தார். பெங்களூர் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

அப்படி ஒரு செடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இதயம் போன்ற இலை; அதில் நரம்புகளை ஒட்டி வரிசையாக ஓட்டைகள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வரும்போது அந்த ஓட்டைகள் வெளிச்சப் பொட்டுகளாகத் தரையில் விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதன் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். பொட்டுகள் என் கை மேல் ஏறி, தரையில் இறங்கி, கட்டில் கால் வழியாக அத்தையின் போர்வை மேல் ஏறும். அறை முழுக்கப் பச்சையாக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். அத்தை தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியாது. நானும் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

செடி வரும்போதே சுகமில்லாமல்தான் வந்தது. அடியிலிருந்த ஓர் இலை மஞ்சளாக இருந்தது. பிறகு அதற்கு மேலே இருந்ததும் மஞ்சளாயிற்று. ஓரங்கள் நெருப்பில் காட்டியதுபோலப் பழுப்பேறின. நிமிர்ந்து நின்ற காம்புகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. போதாததற்கு, காற்றடிக்கும் நாட்களில் சயனைடு மேட்டிலிருந்து தூள் பறந்து வரும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலைபோலக் குவிந்திருக்கிறதே, அதைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். அந்தச் சாம்பல் தூள் இலைகளின் மேல் மாவு சலித்ததுபோலப் படிந்துவிடும்.

ஊரே செடியைப் பார்க்க வந்தது. எங்கள் லைனில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லா வீட்டிலிருந்தும் வந்து பார்ப்பது வழக்கம். ஒரு செடிக்காகவும் அப்படி வருகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சர்ச்சிலிருந்து பெண்கள் சங்கத்தார் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆண்ட்டி வந்தாள். அண்மையில் கண் ஆபரேஷன் முடிந்திருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் வந்தாள். எல்லாரும் உள்ளறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கட்டில் பக்கம் பார்வை போகும், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பிறகு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் தணிந்த குரலில் விசாரிப்பார்கள்.

"செடி இன்னிக்கு எப்படி கீது?" என்று பெரியம்மா கேட்பாள்.

"அப்படியேதான் கீது பெரியம்மா. காலைல கஞ்சி குடுத்தேன். பாதிதான் எறங்குச்சு" என்பாள் அம்மா.

நான் ஓடிப்போய்த் தொட்டியைப் பார்ப்பேன். அம்மா சொன்னது உண்மைதான். அரிசி வடித்த கஞ்சியை ஆறவைத்து அவள் செடிக்கு ஊற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். அது மண்ணுக்குள் இறங்காமல் மேலே வெள்ளையாகத் தேங்கி நிற்கும். அதில் சின்னச் சின்னக் கொசுக்கள் வேறு.

"ராத்திரி தூங்குச்சா?" என்று இன்னொரு நாள் கேட்டாள். செடிகள் தூங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால் அதுவும் எனக்கு வினோதமாகத் தெரியவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது. கன்னடக்கார ஆண்ட்டி காய்ந்த டீத்தூளைக் கொண்டுவந்து போட்டாள். அப்பா டூட்டி முடிந்து பெங்களூரிலிருந்து வரும்போது ஏதோ உரப்பொட்டலம் வாங்கி வந்தார். அத்தைக்கு ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்தார். பெரியம்மாவோ, இலையிலிருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, பூச்சி அரித்துவிட்டது, இதுதான் நோய் என்று முடிவு கட்டினாள். தினமும் வேப்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் தடவினாள். அது பிறவியிலேயே அப்படித்தான் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாருமே போகும்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள். எதையாவது செய்யாமல் அந்த அறையை விட்டு வெளியேற அவர்களால் முடியவில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் செடிக்கும் நடுவில் உட்காருவார். அத்தை அவரிடமும் பேசமாட்டாள். அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்துபோய் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு ஊற்றுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் மக்கைச் சாய்க்கும் நேரத்தில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஊத்தாதீங்க."

நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். அத்தை இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மண்ணத் தொட்டுப் பாருங்க. சேறா கீது. இவ்ளோ ஈரம் இருந்தும் தல தொங்குதுன்னா, அதுக்குத் தாகமில்ல."

மாமா மக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அத்தை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வந்தாள். விரலை மண்ணுக்குள் ஆழமாக விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. "வேர் அழுகுது" என்றாள். "முத்தத்துக்குத் தூக்கிட்டு வாங்க."

முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். மாமா தொட்டியைச் சாய்க்க, அத்தை செடியை அடியில் பிடித்து மெதுவாக உருவினாள். அடிமண் கறுப்பாக, சாக்கடை வாடையோடு வந்தது. தொட்டியின் அடி ஓட்டை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஊற்றிய அத்தனை தண்ணீரும் கஞ்சியும் உள்ளேயே நின்றிருந்தன. அத்தை ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள். கறுத்துக் கொழகொழத்த வேர்களையெல்லாம் அத்தை ஒவ்வொன்றாக வெட்டினாள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தவற்றை மட்டும் விட்டாள். அவை மிகக் கொஞ்சம். வெட்டிய இடங்களில் மஞ்சள்தூளைத் தொட்டு வைத்தாள்.

"அங்க தினம் காலைல ஊத்துவேன், சாயந்திரம் வந்து ஊத்துவேன்" என்றார் மாமா. "நீ இல்லாத வீட்ல வேற இன்னா செய்றதுன்னு எனக்குத் தெரியல."

அத்தையின் கத்தரிக்கோல் நின்றது.

"அவ ரூமுக்குன்னு நீங்க ஆசையா வாங்கினது" என்றாள் அத்தை.

அவள் யார், யாருடைய ரூம் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் ஆறிய கரி கொஞ்சம் வாங்கி வரச் சொன்னாள். சுவாரஸ்யமான நேரத்தில் துரத்துகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். திரும்பி வந்தபோது அம்மா முற்றத்தில் இல்லை. அத்தையும் மாமாவும் செய்தித்தாளின் இரண்டு பக்கத்திலும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் சேறு. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும்கூடச் சேறு அப்பியிருந்தது. பெரியவர்கள் இப்படியா மண்ணில் விளையாடுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததற்கு அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மாமா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். என் கவுனெல்லாம் சேறாயிற்று.

தொட்டியின் அடி ஓட்டையை மாமா குத்தித் திறந்தார். அதன் மேல் ஓட்டுச்சில்லு, அதற்கு மேல் உடைத்த கரி, பிறகு செம்மண்ணும் மணலும் தேங்காய் நாரும் கலந்த உலர்ந்த மண். மஞ்சள் இலைகளை நறுக்கிய பிறகு செடியில் மூன்றே இலைகள் மிஞ்சின. பார்க்கவே பாவமாக இருந்தது. அத்தை முன்னறைக்கு வந்து எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள், இனிமேல் யாரும் இதற்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது என்று. கொஞ்ச நாள் அதை அதன் போக்கில் விட்டால் போதும் என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு, அத்தைக்கென்று எடுத்துவந்த சூப் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு அத்தை தினமும் காலையில் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பாள். பெரும்பாலும் ஊற்றமாட்டாள். காற்று நாட்களில் ஜன்னலைச் சாத்துவாள், மற்ற நாட்களில் திறந்துவைப்பாள். இலைகளில் படிந்த தூளை ஈரத்துணியால் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். ஓர் உள்ளங்கையை இலைக்கு அடியில் வைத்துக்கொண்டு துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பு ஒடிந்துவிடும். வேப்பெண்ணெய்ப் பிசுக்குப் போய் இலை பளபளக்கும்போது அதில் எங்கள் இருவர் முகமும் மங்கலாகத் தெரியும். அந்த நாட்கள் எனக்கு ஒன்றோடொன்று கலந்து, நீளமான ஒரே காலையாகத்தான் நினைவில் இருக்கின்றன.

மழைக்காலம் முடியும்போது நடுக்காம்பின் பக்கத்திலிருந்து வெளிறிய பச்சையில் ஒரு சுருள் எட்டிப் பார்த்தது. அது விரியப் பல நாட்கள் எடுத்துக்கொண்டது. விரிந்தபோது சின்னதாக, ஓர் ஓட்டைகூட இல்லாத முழு இலையாக இருந்தது. தொட்டால் ஈரமான காது மடலைத் தொட்டதுபோல இருந்தது.

எனக்கு ஊரின் மேல் கோபம் வந்தது அப்போதுதான். செடி சாகக் கிடந்தபோது அத்தனை பேரும் வந்தார்கள். இப்போது புது இலை விட்டு நிற்கிறது, ஒருவரும் விசாரிக்கவில்லை. பெண்கள் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அத்தையைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் வந்துகொண்டிருந்த பெரியம்மாகூட இப்போது வாசலோடு போய்விடுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய், முறத்தோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து செடியின் முன்னால் நிறுத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் அத்தை தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். மாமா கொடியில் துணி போடுவதாகச் சொல்லி எல்லாவற்றையும் கோணலாகப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை ஏதோ சொன்னாள். அவர் பதில் சொன்னார். அத்தை சிரித்தாள், சத்தமாக இல்லை.

"ஆமாண்டி கண்ணு" என்றாள் பெரியம்மா. "தேறிடுச்சு."

அவள் இலையைப் பார்க்கவே இல்லை. இலைக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இல்ல பெரியம்மா, இங்க பாருங்க" என்று அவள் விரலை எடுத்துப் புது இலையின் மேல் வைத்தேன். அவள் விரலால் அதைத் தடவிக்கொண்டே, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, முற்றத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என் தலையில் கை வைத்து ஏதோ ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் அம்மாவிடம் கவலையோடு சொன்னேன், பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது, மூக்குக்கு முன்னால் இருக்கும் இலைகூட அவளுக்குத் தெரியவில்லை, இன்னொரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்று. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொல்கிறேன் என்றாள்.