ஆறு கிலோவில் நின்ற பாய்லர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி. அங்கே பாய்லர் பிரஷரைக் காட்டும் போர்டு நான் டிசைன் செய்தது. பக்கத்து மோட்டார் ஓடினால் எண் குதிக்கிறது என்றார்கள். சென்சார் ஒயர் வழியாக மோட்டாரின் மின் இரைச்சல் உள்ளே வருகிறது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டால் அடங்கிவிடும். இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்று காலை போனேன்.

போனால், எண் அசையவே இல்லை. மோட்டார் ஓடினாலும் பிரஷர் ஆறு கிலோ, நின்றாலும் ஆறு கிலோ.

பெட்டியைத் திறந்தேன். சென்சார் ஒயரைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு ரெசிஸ்டர், எப்போதும் ஆறு காட்டுவதற்கென்றே.

"நம்பர் ஆடிக்கினே இருந்துச்சு சார். ஆடிட்டுக்கு வந்தவங்க இன்னா இன்னானு கேட்டுக்கினே இருந்தாங்க. அதான் நிறுத்திட்டோம்" என்றார் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், பெருமையாக.

பாய்லருக்கு எதிரிலேயே நான்கு பேர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வைத்த இரண்டையும் பிடுங்கிவிட்டு, நான் கொண்டுபோனதைப் போட்டு, ஒயரைத் திரும்ப மாட்டினேன். எட்டைத் தாண்டக் கூடாத எண் ஒன்பதரையில் போய் நின்றது. அலாரம் அலறியது. நால்வரும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சூப்பர்வைசர் என்னைத்தான் முறைத்தார். "பாத்தீங்களா சார்? நீங்க கை வச்சதும் பேஜாரு."

உங்கள் கம்பெனியில் ரொம்ப நல்ல பிள்ளையாக நிற்கும் மீட்டர் எது? ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.