சத்தம் நிறுத்திய சீரியல்

அந்த மாசியில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. புற்றுநோயில் படுத்திருந்த என் மனைவி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, ஈஸ்டர்வரை ஏழு மணி சீரியல் பார்க்கப்போவதில்லை என்றாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அதுதான். எனக்குக் கோபம் வந்தது.

"இந்த உடம்போட உனக்கு ஒறுத்தல் வேறயா?"

"வேற எதைங்க விடறது? சோறுதான் எறங்கவே மாட்டேங்குதே."

பங்குச் சாமியாரோ, சீரியல் குடும்பத்தைக் கெடுக்கும் பேய் என்று பிரசங்கம் வைத்தார். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு இந்துப் பெண் சாம்பல் புதனிலிருந்தே தன் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு வெறும் படத்தைப் பார்த்தாள். காதில் விழுந்தால் என் மனைவிக்கு ஆசை வந்துவிடுமாம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் மனைவி செத்துப்போனாள். அதற்குப் பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஈஸ்டர் முடிஞ்சிருச்சுல்ல? சத்தம் வெச்சுக்கலாங்களா?"

"நல்லா சத்தமாவே வைம்மா" என்றேன்.

ஏழு மணிக்கு மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். யாருக்கு யார் என்ன உறவென்றே எனக்குப் புரியவில்லை.